3+0, 3+2, 5+0, 10+5: வேக செஸ்ஸில் உங்களுக்கு ஏற்ற கடிகாரம் எது?

வேக செஸ்ஸில் ஜெயிக்க வழி கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். "ராணியை மட்டும் மாற்றிவிடாதே, செக் கொடுத்துக்கொண்டே இரு" என்பார் ஒருவர். "ஒரு காய் கூடுதலாகக் கிடைத்ததுமே மீதியையெல்லாம் மாற்றித் தள்ளு" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. முதலாமவர் 3 நிமிடத்தை வைத்துக்கொண்டு அது தீரும்வரை ஆடுகிறவர். அடுத்தவர் ஒவ்வொரு நகர்வுக்கும் 2 விநாடி கூடும் கடிகாரத்தில் ஆடுகிறவர். கடிகாரம் மாறினால் தந்திரமும் தலைகீழாகிவிடும். அதனால் எந்த ஓப்பனிங் (தொடக்க நகர்வு வரிசை), எந்தப் பொறி என்பதற்கெல்லாம் முன்னால், எந்த நேரக் கட்டுப்பாட்டில் ஆடுவது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

கோலாலம்பூரில் வேலை, பிள்ளைகள், போக்குவரத்து நெரிசல் எல்லாம் போக மிச்சமிருக்கும் நேரத்தில் செஸ் ஆடுகிறவர்களுக்கு நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு: 3+0, 3+2, 5+0, 10+5. முன்னால் இருக்கும் எண் நிமிடம். பின்னால் இருப்பது ஒவ்வொரு நகர்வுக்கும் கூடும் விநாடி, அதாவது இன்க்ரிமென்ட். 1 நிமிட புல்லட்டை நான் இதில் சேர்க்கவில்லை. அது விரல் வேகப் போட்டி. பிடித்தால் ஆடுங்கள்.

கணக்கு முதலில்

நிமிடத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. 3+0 ஆட்டத்தில் கையில் இருப்பது 180 விநாடி. ஆட்டம் 40 நகர்வு போனால் நகர்வுக்கு நாலரை விநாடி; 60 நகர்வு இழுத்தால் 3 விநாடி. அதே 60 நகர்வு 3+2-இல் போனால் 180-உடன் 120 கூடி 300 விநாடி ஆகிறது, நகர்வுக்கு 5 விநாடி. 5+0-வும் 300 விநாடிதான். ஆக 60-ஆவது நகர்வில் 3+2-வும் 5+0-வும் ஒன்று. வித்தியாசம், அந்த நேரம் எப்போது கைக்கு வருகிறது என்பதில் இருக்கிறது. 5+0-இல் முழுப் பணமும் மாதம் பிறக்கும்போதே கையில். 3+2-இல் கொஞ்சம் முன்பணம், மீதி தினக்கூலி. முதல் 20 நகர்வில் யோசிப்பதற்கு 5+0 தாராளமாக இருக்கும். ஆனால் 50-ஆவது நகர்வில் யானையும் சிப்பாயும் மிஞ்சியிருக்கும்போது 5+0 கையை விரித்துவிடும், 3+2 அப்போதும் 2 விநாடி போட்டுக்கொண்டே இருக்கும்.

உலக செஸ் அமைப்பான ஃபிடே கூட இந்த 60 நகர்வுக் கணக்கைத்தான் பார்க்கிறது. அடிப்படை நேரத்தோடு இன்க்ரிமென்ட்டை 60-ஆல் பெருக்கிக் கூட்டினால் 10 நிமிடம் அல்லது அதற்குக் கீழ் வந்தால் பிளிட்ஸ். 10-க்கு மேல், 60-க்குக் கீழ் என்றால் ரேபிட். இதன்படி 10+0 பிளிட்ஸ். 10+5 என்றால் 15 நிமிடம் ஆகி ரேபிட். இணையத் தளமான செஸ்.காமில் 10 நிமிட ஆட்டம் ரேபிட் கணக்கில் ஏறும் என்பதால், "என் ரேபிட் ரேட்டிங் 1500" என்று ஒருவர் சொன்னால் எந்த ரேபிட் என்று கேட்டுக்கொள்வது நல்லது. லிசெஸ் தளம் இன்னொரு கணக்கு வைத்திருக்கிறது, அங்கே இன்க்ரிமென்ட்டை 40-ஆல் பெருக்குவார்கள்.

நகர்வுக்கு நகர்வு நேரம் கூட்டும் யோசனைக்கு 1980-களின் கடைசியில் காப்புரிமை வாங்கியவர் முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர். 1992-இல் தன் பழைய எதிராளி ஸ்பாஸ்கியோடு மறுபடி மோதியபோது அந்தக் கடிகாரத்தைத்தான் பயன்படுத்தினார். ஜெயிக்க வேண்டிய நிலையில் இருப்பவர் கொடி விழுந்து, அதாவது நேரம் தீர்ந்து, தோற்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். இதை நினைவில் வைத்துக்கொண்டால் 3+0-வுக்கும் 3+2-வுக்கும் உள்ள வேறுபாடு பாதி புரிந்துவிடும்.

3+0: நேரமும் ஒரு காய்

3+0 ஆட்டத்தில் நேரத்தைக் காய்களோடு சேர்த்து எண்ண வேண்டும். எதிராளியைவிட 30 விநாடி கூடுதலாக வைத்திருப்பது, கடைசிக் கட்டத்தில் ஒரு குதிரை கூடுதலாக இருப்பதைவிடப் பெரிது. அதனால் இதில் எடுபடும் வித்தைகள் தனி.

நேரத்தில் முந்தியிருந்தால் காய்களை மாற்றாதீர்கள். பலகையில் காய் நிறைய இருந்தால் எதிராளி பார்க்க வேண்டியதும் நிறைய. ராணி இருக்கும்வரை அவருக்குப் பயம் இருக்கும், பயம் இருக்கும்வரை யோசிப்பார். ஒரு சிப்பாய் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, நிலையைச் சிக்கலாகவே வைத்திருங்கள். நேரத்தில் பிந்தியிருந்தால் நேர்மாறாக, மாற்றக்கூடியதை மாற்றி யோசனைச் சுமையைக் குறையுங்கள்.

ஒவ்வொரு நகர்வும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். மிகச் சிறந்த நகர்வைத் தேடி 12 விநாடி செலவழிப்பதைவிட, சுமாரான ஆனால் மிரட்டலோடு வரும் நகர்வை 2 விநாடியில் வைப்பது லாபம். பலகையின் ஒரு பக்கத்தில் சண்டை நடக்கும்போது திடீரென்று மறுபக்கத்தில் ஒரு சிப்பாயைத் தள்ளினால், எதிராளியின் கண் அங்கே போய் வரவே ஒரு விநாடி ஆகும்.

நீண்ட யோசனைக்கு ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு அனுமதிதான். 15, 20 விநாடி செலவழிக்கலாம்; அதுவும் காய்கள் மோதும் இடத்தில். ஓப்பனிங்கில் எட்டாவது நகர்வில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தால் ஆட்டம் அங்கேயே போய்விட்டது. 20-ஆவது நகர்வில் ஒன்றரை நிமிடம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நன்றாகத்தான் போகிறது.

இணையத்தில் ஆடினால் ப்ரீமூவ் இல்லாமல் 3+0-இல் பிழைக்க முடியாது. எதிராளி நகர்த்துவதற்கு முன்பே உங்கள் பதிலைப் போட்டு வைப்பது அது. லிசெஸில் ப்ரீமூவுக்கு நேரமே கழியாது, ஆனால் ஒன்றுதான் போட முடியும். செஸ்.காமில் வரிசையாகப் பல போடலாம், ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு விநாடி கழியும். வெட்டினால் வெட்டியே ஆக வேண்டும் என்ற இடத்தில் தயங்காமல் போடுங்கள். மற்ற இடத்தில் ஜாக்கிரதை. ஒரு பழைய குறும்பு உண்டு: வெள்ளை டி4 வைக்கும் (சிப்பாயை அந்தப் பெயருள்ள கட்டத்துக்குத் தள்ளுவது), கறுப்பு ஜி6 வைத்துவிட்டு அடுத்து பிஷப் ஜி7 என்று ப்ரீமூவ் போட்டிருக்கும். வெள்ளை பிஷப்பை எச்6-இல் கொண்டுபோய் வைப்பார். கறுப்பு பிஷப் தானாக ஜி7-க்குப் போகும், வெள்ளை அதை வெட்டி, மூலையில் மாட்டிக்கொண்ட யானையையும் எடுத்துக்கொள்வார். எதிராளி ப்ரீமூவ் போட்டிருக்காவிட்டால் சும்மா ஒரு பிஷப் போய்விடும். நான் இதைச் சிபாரிசு செய்யவில்லை, உங்களுக்கு வைக்கப்படலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

3+0-வின் பெரிய வசதி அதன் உச்சவரம்பு. இரண்டு பேரும் கடைசி விநாடி வரை பயன்படுத்தினாலும் 6 நிமிடத்தில் முடிந்துவிடும். வங்சா மாஜுவில் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்குகிறவருக்கு மூன்று ஆட்டம் தாராளமாக ஆகும். ஆனால் அந்த வழித்தடம் அம்பாங் பார்க்கிலிருந்து மஸ்ஜிட் ஜமேக் வரை நிலத்துக்கு அடியில் போகிறது. அங்கே இணைப்பு பத்து விநாடி தடுமாறினால் 3+0-இல் அது ஒரு காயை இழந்ததற்குச் சமம். 10+5-இல் உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. நிற்கிற கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கைக் கட்டைவிரலால் ஆடுவது வேறு. காயை இழுத்து விடுவதைவிட, காயைத் தொட்டு, பிறகு கட்டத்தைத் தொடுவது குலுங்கும் வண்டியில் பாதுகாப்பு. சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனதும் தானாக ராணி ஆகும்படி அமைப்பில் மாற்றி வைத்துவிடுங்கள். அந்த நாலு படச் சதுரத்தில் தேடும் நேரம் மிச்சம்.

இரண்டு விநாடி என்ன செய்யும்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடை. இரவு பத்து மணிக்கு மேல், பெரிய திரையில் கால்பந்து, மேசையில் தே தாரேக் ஆறிக்கொண்டிருக்கிறது. பலகையின் ஒரு பக்கம் ஓய்வு பெற்ற அண்ணன், மறுபக்கம் கல்லூரியில் படிக்கும் தம்பி. 3+0. அண்ணனிடம் ராஜா, யானை, இரண்டு சிப்பாய். தம்பியிடம் ராஜாவும் ஒற்றைக் குதிரையும். அண்ணனுக்கு 7 விநாடி, தம்பிக்கு 15. தம்பி குதிரையால் ஒரு செக், அப்புறம் இன்னொரு செக், அப்புறம் ராஜாவை இங்கும் அங்குமாக நகர்த்திக்கொண்டே இருந்தான். அண்ணனின் சிப்பாய் ஆறாவது வரிசையைத் தொட்டபோது கடிகாரம் பூஜ்ஜியம் காட்டியது.

"டைம் போச்சுண்ணே."

"குதிரைய வெச்சி மேட் பண்ண முடியாதே, தம்பி. டிரா தானே?"

அந்த மேசையில் அரை மணி நேரம் போனது இந்தக் கேள்வியால். பதில், எங்கே ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஃபிடே விதிப்படி, விதிக்குட்பட்ட ஏதாவது ஒரு நகர்வு வரிசையில், அது எவ்வளவு அசட்டு வரிசையாக இருந்தாலும் சரி, மேட் வர வாய்ப்பிருந்தால் நேரம் தீர்ந்தவர் தோற்றார். இங்கே வாய்ப்பு இருக்கிறது: அண்ணனின் ராஜா மூலையில், பக்கத்தில் சொந்த யானை, முன்னால் சொந்தச் சிப்பாய் இரண்டு, குதிரை செக் கொடுத்தால் மூச்சுவிட இடமில்லாத மேட். அதனால் தம்பிக்கு ஜெயம். லிசெஸிலும் இதே முடிவுதான். செஸ்.காமில் ஒற்றைக் குதிரை மேட் செய்யப் போதாது என்று கணக்கிட்டு டிரா கொடுத்துவிடும்.

"சரி, அடுத்த கேம் ரெண்டு செகண்ட் போட்டு ஆடு, பாப்போம்" என்றார் அண்ணன். ஆடினார்கள். அதே மாதிரி யானை கூடுதலாக இருந்த முடிவு, கடிகாரத்தில் 6 விநாடி. இந்த முறை அண்ணன் அவசரப்படவே இல்லை. விநாடிக்கு ஒரு நகர்வு வைத்தார்; ஒவ்வொன்றுக்கும் 2 கூடியது, 1 போனது. பத்து நகர்வில் 16 விநாடி சேர்ந்துவிட்டது. அப்புறம் நிதானமாகச் சிப்பாயை ராணி ஆக்கினார்.

3+2-இல் ஜெயிக்கும் வித்தை இதுதான். கூடுதல் காய் கிடைத்ததும் ராணிகளை மாற்றுங்கள், சுலபமான முடிவுக்குக் கொண்டுபோங்கள். அந்த முடிவை 2 விநாடிக்குள் கை தானாக ஆடும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ராஜாவும் யானையும் சேர்ந்து தனி ராஜாவை மேட் செய்வது. ராஜாவுக்கு ராஜா எதிரே நின்று, எதிராளியின் ராஜாவை நம் சிப்பாய்க்கு வழிவிடச் செய்வது. யானை முடிவில் ஜெயிக்க உதவும் லூசேனா நிலை, டிரா பிடிக்க உதவும் ஃபிலிடோர் நிலை. ஏழாவது வரிசைச் சிப்பாயை ராணியால் நிறுத்துவது. இந்த ஐந்தையும் கண் மூடி ஆடத் தெரிந்தவர் 3+2-இல் தன் ரேட்டிங்கைவிட ஒரு படி மேலே ஆடுவார். 3+0-இல் இதே அறிவுக்கு மதிப்பு குறைவு, ஏனென்றால் ஆட்டம் பெரும்பாலும் அதற்கு முன்பே கொடியில் முடிந்துவிடுகிறது.

இன்னொன்று. நல்ல நிலையில் இருக்கிறீர்கள், ஆனால் நேரம் 4 விநாடி. எதிராளியும் வேறு வழியில்லாமல் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வருகிறார் என்றால், நிலையை ஒரு தடவை திரும்ப வரவிடுங்கள். காயை முன்னும் பின்னும் நகர்த்தியதில் நாலைந்து விநாடி சேர்ந்துவிடும். மூன்றாம் தடவை அதே நிலை வந்தால் டிரா கேட்கலாம், ஆகவே எண்ணிக்கொள்ளுங்கள். 3+0-இல் இதைச் செய்தால் இருப்பதும் போய்விடும்.

3+0-இல் இருந்து இங்கே வருகிறவர்கள் ஒரு பழக்கத்தை விட வேண்டியிருக்கும்: தோற்கும் நிலையில், எதிராளியின் நேரம் குறைந்ததை நம்பி ஆடிக்கொண்டிருப்பது. 2 விநாடி இருக்கும்வரை தெரிந்த முடிவை யாரும் விட்டுவிட மாட்டார்கள். அந்த நம்பிக்கையை நடு ஆட்டத்தில் வையுங்கள்; அங்கே இன்னும் தவறு வரும்.

உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப் 3+2-இல்தான் நடக்கிறது. 2024 டிசம்பரில் நியூயார்க்கில் நடந்ததில் மகளிர் பிரிவில் நம் வைஷாலி வெண்கலம் வாங்கினார். இதனால் ஒரு சில்லறை லாபமும் உண்டு: பெரியவர்கள் ஆடிய பிளிட்ஸ் ஆட்டங்களைத் திரும்பப் போட்டுப் பார்க்கும்போது, அவர்கள் எந்த இடத்தில் நேரம் செலவழித்தார்கள், எந்த இடத்தில் கையை ஓட்டினார்கள் என்பதை உங்கள் கடிகாரத்தோடு அப்படியே ஒப்பிடலாம்.

5+0 பற்றிச் சுருக்கமாக

வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய சாவி கொடுக்கும் கடிகாரத்தில் இன்க்ரிமென்ட் கிடையாது. அது மட்டும்தான் இருக்கிறது என்றால் 5+0 ஆடுங்கள். 3+0-வின் வித்தைகள் எல்லாம் கடைசி ஒரு நிமிடத்துக்குப் பொருந்தும்; அதுவரை சாதாரணமாக யோசித்து ஆடலாம். புதிதாகக் கடிகாரம் வாங்கப் போகிறவர்கள் இன்க்ரிமென்ட் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். இல்லையென்றால் கைப்பேசியில் செஸ் கடிகாரச் செயலி ஒன்றை இறக்கி மேசையில் வைத்துக்கொள்ளலாம், திரையில் தே தாரேக் சிந்தாமல் பார்த்துக்கொண்டால் சரி.

10+5: வேகத்தைக் குறைத்தால் எது மாறுகிறது

பிளிட்ஸ் ஆடி ஆடியே பிளிட்ஸில் தேறிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. எனக்கு அதில் சந்தேகம் உண்டு. 3 நிமிட ஆட்டத்தில் நாம் ஏற்கெனவே தெரிந்ததைத்தான் திரும்ப ஆடுகிறோம். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள அங்கே இடமில்லை. 10+5-இல் 60 நகர்வுக்குக் கணக்கிட்டால் நகர்வுக்கு 15 விநாடி கிடைக்கிறது. எதிராளி என்ன மிரட்டுகிறார், நம் காய் எது ஆதரவில்லாமல் நிற்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள அது போதும். அந்தக் கேள்வி பழக்கமாகிவிட்டால், 3+2-இல் அதையே ஒரு விநாடியில் கேட்டுவிடலாம்.

ஆனந்த் 2017 டிசம்பரில் ரியாத்தில் உலக ரேபிட் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 48. அது 15+10 ஆட்டம். அடுத்து அங்கேயே நடந்த பிளிட்ஸில் வெண்கலம். வேகமான ஆட்டம் என்றால் இளவட்டம்தான் என்று முடிவு கட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லலாம். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்: 2025 ஜூலையில் ஸாக்ரெப் கிராண்ட் செஸ் டூரில் குகேஷ் ரேபிட் பகுதியில் முதலிடத்தில் வந்தார், பிளிட்ஸும் முடிந்து மொத்தப் புள்ளி எண்ணியபோது மூன்றாம் இடம், பட்டம் கார்ல்சனுக்கு. அப்போதைய உலக சாம்பியன் குகேஷுக்கே இரண்டும் இரண்டு விதமாக அமைந்தது என்றால், ரேபிட்டில் நன்றாக ஆடும் உங்கள் பிள்ளை பிளிட்ஸில் தடுமாறுகிறானே என்று கவலைப்பட ஒன்றுமில்லை.

10+5-இன் குறை அதன் நீளம். ஒரு ஆட்டம் அரை மணி நேரம் வரை போகலாம். வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒன்று ஆடலாம். ரயிலில் தொடங்கினால் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும்.

ஓப்பனிங்: லண்டனா, பொறியா

இந்த இடத்தில் எல்லோரும் கேட்பது இது. லண்டன் முறை, அதாவது டி4, பிஷப் எஃப்4, ஈ3, குதிரை எஃப்3, பிஷப் டி3, குதிரை பி1-இலிருந்து டி2, சி3 என்று எதிராளி என்ன ஆடினாலும் ஏறக்குறைய ஒரே வரிசையில் வைப்பது, வேக ஆட்டத்துக்கு ஏற்றது. ஏழு நகர்வுக்கு ஏழு விநாடிகூட ஆகாது. 3+0 ஆடுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம்.

ஆனால் கை மட்டும் ஆடினால் வினை. கறுப்பு எங்லண்ட் கேம்பிட், அதாவது சிப்பாயைக் கொடுத்துப் பொறி வைக்கும் ஓப்பனிங், ஆடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டி4-க்கு ஈ5, வெள்ளை அதை வெட்டும், குதிரை சி6, குதிரை எஃப்3, ராணி ஈ7. இப்போது லண்டன் பழக்கத்தில் பிஷப் எஃப்4 வைக்கிறோம். ராணி பி4 செக். பிஷப்பை டி2-க்கு இறக்குகிறோம். ராணி பி2 சிப்பாயை வெட்டி, மூலை யானையைக் குறிவைக்கிறது. இங்கேதான் பத்தில் எட்டுப் பேரின் கை ராணியைத் தாக்கும் பிஷப் சி3 பக்கம் போகும். போட்டால் கறுப்பு பிஷப் பி4-இல் வந்து அதைக் கட்டிப்போடும். ராணி டி2 என்று காப்பாற்றினால், பிஷப் சி3-ஐ வெட்டும், ராணி திரும்ப வெட்டும், கறுப்பு ராணி சி1-இல் இறங்கி மேட். சரியான பதில் பிஷப் சி3 இல்லை, குதிரை சி3. அதை வைத்தால் வெள்ளைக்குத்தான் மேல்.

இந்தப் பொறி 3+0-இல் அடிக்கடி விழும், 3+2-இல் சில நேரம், 10+5-இல் எதிராளி 30 விநாடி உட்கார்ந்து குதிரையை எடுத்து வைத்துவிடுவார். அதன் பிறகு கறுப்பு மோசமான நிலையில் அவதிப்பட வேண்டும். பொறி வைக்கிற ஓப்பனிங்குகளின் பொதுக் கதையே இதுதான். 3+0 மட்டும் ஆடுகிறவர்கள் ஒன்றிரண்டை வைத்துக்கொள்ளலாம். 3+2-க்கும் அதற்கு மேலும் கறுப்பில் கரோ-கான் மாதிரி ஒன்றை ஒழுங்காகப் படித்துவிடுவது நல்லது. அதில் சிப்பாய் அமைப்பு ஒரே மாதிரி வரும், யோசனையும் மிச்சம்.

பலகைக்கு எதிரே உட்கார்ந்து ஆடும்போது

கைப்பேசியில் மட்டும் ஆடிப் பழகியவர்கள் போட்டி மண்டபத்துக்குப் போனால் முதல் சுற்றிலேயே தடுமாறுவது காய் நகர்த்துவதில்தான். நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அமுக்க வேண்டும். வலது கையால் வெட்டி இடது கையால் அமுக்கக் கூடாது. கோட்டை கட்டும்போது ஒரே கையால் முதலில் ராஜாவைத் தொட்டு நகர்த்துங்கள். இரண்டு கைகளாலும் கட்டிவிட்டுக் கடிகாரத்தை அமுக்கினால் அது விதிமீறிய நகர்வாகவே கணக்காகும். சிப்பாயைக் கடைசி வரிசைக்குத் தள்ளி, ராணியை வைக்காமல் கடிகாரத்தை அமுக்கினாலும் அப்படியே. ராணி கிடைக்கவில்லை என்று யானையைத் தலைகீழாக வைத்தால் அது யானைதான், ராணி ஆகாது. ஆட்டம் தொடங்கும் முன்பே கூடுதல் ராணி பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளிட்ஸில் முதல் விதிமீறலுக்கு எதிராளிக்கு 1 நிமிடம் கூட்டிக் கொடுப்பார்கள், ரேபிட்டில் 2 நிமிடம். இரண்டாவது தடவை செய்தால் பெரும்பாலும் ஆட்டமே போச்சு. எதிராளி செய்தால் நீங்கள் அடுத்த நகர்வை வைப்பதற்குள் கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிட வேண்டும். வைத்துவிட்டால் கேட்க முடியாது. மாமாக் கடை மேசையில் "ராஜாவை எடுத்துட்டேன், கேம் முடிஞ்சது" என்பார்கள். போட்டியில் ராஜாவை எடுப்பது நடுவரிடம் எடுபடாது.

காய் தட்டி விழுந்தால் உங்கள் நேரத்தில்தான் நிமிர்த்த வேண்டும். நேரம் 10 விநாடிக்குள் வந்ததும் கை நடுங்கிக் காயைத் தட்டிவிடுவது எல்லோருக்கும் நடப்பது, அதற்காகவே கொஞ்ச நாள் கைப்பேசியை வைத்துவிட்டு மரப்பலகையில் 3+2 ஆடிப் பாருங்கள். இன்க்ரிமென்ட்டின் 2 விநாடியில் பாதி கை போய்வரவே ஆகிவிடும், மீதி ஒரு விநாடிதான் மூளைக்கு. நண்பர்களுக்குள் ஆடும்போது கடிகாரம் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யும் உரிமை வழக்கமாகக் கறுப்புக் காய்க்காரருக்கு. வலது கைக்காரர் தன் வலப்பக்கம் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு நகர்விலும் கொஞ்சம் தூரம் மிச்சம். போட்டியில் அதை நடுவர் தீர்மானிப்பார்.

அப்படியானால் யாருக்கு எது

என் தேர்வு 3+2. வீட்டில், கடையில், இணையத்தில் எங்கே ஆடினாலும் பெரும்பாலானவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். 10 நிமிடத்தில் ஆட்டம் முடிகிறது, படித்தது வீண் போவதில்லை, நல்ல நிலையை வைத்துக்கொண்டு வயிற்றெரிச்சலோடு எழுந்திருக்க வேண்டியதில்லை.

ரயிலில் மட்டும்தான் நேரம் கிடைக்கிறது என்றால் 3+0, ஆனால் அதன் ரேட்டிங்கை நெஞ்சில் ஏற்றிக்கொள்ளாமல். இரவில் ஒரு ஆட்டம் ஆடி, அது எங்கே கெட்டது என்று பத்து நிமிடம் திரும்பப் பார்க்கத் தயாராக இருப்பவர்களுக்கு 10+5. திரும்பப் பார்க்கப் போவதில்லை என்றால் அதற்கும் 3+2-வே போதும். பள்ளிப் போட்டிக்குப் பிள்ளையைத் தயார் செய்கிறவர்கள் இந்தப் பட்டியலையே மறந்துவிட்டு, போட்டி அறிவிப்பில் என்ன நேரம் போட்டிருக்கிறார்களோ அதையே வீட்டில் வைத்துப் பழக்குங்கள். சனிக்கிழமை காலை பசியாறிவிட்டு மண்டபத்தில் போய் உட்காரும் பிள்ளைக்கு அந்தக் கடிகாரம் புதிதாகத் தெரியக் கூடாது. இன்க்ரிமென்ட் இல்லாத போட்டி என்றால் கடைசி ஒரு நிமிட ஆட்டத்தைத் தனியாகப் பழக்க வேண்டும்: யானை முடிவு ஒன்றை வைத்து, இரு பக்கமும் ஒரு நிமிடம் கொடுத்து, மாற்றி மாற்றி ஆடச் செய்யுங்கள்.

அந்த அண்ணன், தம்பி மாதிரி ஒரே மேசையில் பலம் வித்தியாசப்படுகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நேரத்தைச் சமமாக வைக்காதீர்கள். பலம் குறைந்தவருக்கு 5 நிமிடம், கூடியவருக்கு 3, இருவருக்கும் 2 விநாடி இன்க்ரிமென்ட் என்று தொடங்குங்கள். ஒருவரே தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்தால் அவரிடமிருந்து அரை நிமிடத்தைக் குறையுங்கள். 2 விநாடியை மட்டும் யாருக்கும் எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் மறுபடியும் குதிரையை வைத்து மேட் வருமா வராதா என்ற வாக்குவாதம்தான்.